நிறம் பூசாத பால் லோரி



பொழுதுபோக்கு என்றதும் நம்மவர்களுக்கு நினைவில் வருபவை தபால்தலை சேர்ப்பது, பூச்செடி வளர்ப்பது, மீன்தொட்டி வைப்பது போன்றவைதாம். மாதிரிக் கார் செய்வது என்று ஒரு பொழுதுபோக்கு உண்டு என்பதும், பேரன் பேத்தி எடுத்த பெரியவர்கள்கூட அதற்காக இரவில் கண்விழித்து உட்கார்ந்திருப்பார்கள் என்பதும் உங்களில் சிலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். இன்று அந்தக் கலையைப் பற்றியும், அதை எனக்குக் கற்றுக் கொடுத்து 2022ஆம் ஆண்டில் மறைந்துபோன நண்பர் ஒருவரைப் பற்றியும் சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

மாதிரிக் கார் என்பது கடையில் வாங்கித் தரையில் உருட்டி விளையாடும் பொம்மைக் கார் அன்று. ஓர் அட்டைப் பெட்டிக்குள் நூறு, இருநூறு பிளாஸ்டிக் துண்டுகள் சட்டம் சட்டமாக இருக்கும். கொடியில் பிஞ்சுகள் தொங்குவதுபோல் சட்டத்தில் கதவும், இருக்கையும், திருப்புவளையமும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றையும் வெட்டி எடுத்து, வெட்டிய இடத்தைத் தேய்த்து, பசை தொட்டு ஒட்டி, வர்ணம் அடித்து முடிக்க வேண்டும். அந்தப் பசை நாம் காகிதம் ஒட்டும் பசையைப் போன்றதன்று. அது பிளாஸ்டிக்கையே சற்று இளக்கி, இரு துண்டுகளையும் ஒன்றாகக் கலந்துவிடும். ஆகவே ஒட்டியதைப் பிரிப்பது கடினம்.

இப்பெட்டிகளில் 24இல் ஒரு பங்கு, 25இல் ஒரு பங்கு என்று அளவு குறித்திருப்பார்கள். அமெரிக்காவில் ஏ.எம்.டி. நிறுவனம் 1958ஆம் ஆண்டில், ஒரே பெட்டியிலிருந்து மூன்று விதமாகச் செய்துகொள்ளத்தக்க கார்களை 25இல் ஒரு பங்கு அளவில் வெளியிட்டு அந்நாட்டுப் பையன்களைக் கவர்ந்தது. நம் பக்கத்தில் பெயர் பெற்றது ஜப்பானின் தமியா நிறுவனம். ஷிஸுவோக்கா நகரில் 1946இல் மர வியாபாரமாகத் தொடங்கி, மரத்தில் மாதிரிகள் செய்து, 1960இல் பிளாஸ்டிக்குக்கு மாறிய நிறுவனம் அது. அதை வளர்த்தவரும் 2025இல் காலமானவருமான ஷுன்சாகு தமியா, ஒரு போர்ஷே காரை மாதிரியாகச் செய்ய விரும்பியபோது, உண்மையான போர்ஷே 911 காரையே விலைக்கு வாங்கி ஆணி ஆணியாகக் கழற்றிப் பார்த்தாராம். அதன் பயனாக 1976இல் 12இல் ஒரு பங்கு அளவிலான மாதிரி வெளிவந்தது. என் நண்பருக்கு மிகவும் பிடித்த கதை இது. "வாத்தியாரே, பார்க்காத பொருளைச் செய்யக் கூடாது. செய்தால் அது பொம்மை" என்பார். இந்த வார்த்தையைப் பின்னால் மீண்டும் சொல்ல நேரும்.

நண்பர் என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவர். அவரை 'அண்ணே' என்றுதான் அழைப்பேன். எங்கள் பள்ளி இருக்கும் தோட்டத்தில் பிறந்தவர். பட்டணத்தில் அடிபட்ட கார்களைச் சீர்செய்து வர்ணம் அடிக்கும் பட்டறையில் வேலை பார்த்தார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை முடித்துச் சில ஆண்டுகளுக்குப் பின், 2006இல் நான் இந்தப் பள்ளிக்கு மாற்றலாகி வந்தேன். என் பழைய காரின் கதவில் ஏற்பட்ட கீறலைச் சரிசெய்யப் போனபோது பழக்கம் ஏற்பட்டது. பகலெல்லாம் பெரிய காருக்கு வர்ணம் அடித்துவிட்டு, இரவில் உள்ளங்கை அளவுக் காருக்கு வர்ணம் அடிக்கும் மனிதரை அதற்கு முன் நான் கண்டதில்லை. சலிப்பாக இல்லையா என்று கேட்டேன். "அது முதலாளி காடி, இது என் காடி" என்றார்.

அவரிடம் நான் கற்றவற்றுள் பெரும்பாலானவை பொறுமையைச் சார்ந்தவை. நம் நாட்டில் காற்றில் ஈரம் மிகுதி. மழைக்கு முன்னும் மழையின் போதும் வர்ணம் அடித்தால், மேற்பரப்பு பால் படிந்தாற்போல் வெளுத்துவிடும். ஆகவே காலை வெயில் ஏறி ஈரம் வடிந்த பிறகே அடிப்பார். வானம் இருண்டால் வர்ணத்தை மூடி வைத்துவிட்டுத் தேநீர் குடிப்பார். நாமோ பதினைந்து நாள் விடுமுறையில் ஒரு காரை முடித்துவிட வேண்டும் என்று துடிப்போம். பூச்சு மெல்லியதாக, ஒன்று காய்ந்தபின் ஒன்றாக, நான்கைந்து முறை விழ வேண்டும். பின் நீர்த்தாளைத் தண்ணீரில் நனைத்து, ஆயிரம் எண், ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் என்று மென்மையாக்கிக்கொண்டே போக வேண்டும். கதவின் கைப்பிடி உடைந்துவிட்டால், எறியும் சட்டத்துண்டை மெழுகுவத்திச் சுடருக்கு மேலே காட்டி, இளகும்போது இரு பக்கமும் இழுப்பார். தலைமயிர் போன்ற இழை கிடைக்கும். அதில் ஒரு துணுக்கை வெட்டினால் கைப்பிடி தயார். காசு கொடுத்து வாங்கிய பொருளில் எதையும் அவர் எறிந்து நான் பார்த்ததில்லை.

ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு விகிதம் நடத்தும்போது ஒருமுறை அவரைப் பள்ளிக்கு அழைத்தேன். 168 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆள் 24இல் ஒரு பங்கானால் எவ்வளவு என்று கேட்டார். ஏழு சென்டிமீட்டர் என்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். அடுத்து, 2,000 லிட்டர் பிடிக்கும் தொட்டி 24இல் ஒரு பங்கானால் எவ்வளவு பிடிக்கும் என்றார். எல்லாரும் 24ஆல் வகுத்து 83 லிட்டர் என்றார்கள். அவர் பையிலிருந்து ஒரு குழாய்த் துண்டை எடுத்து மேசையில் வைத்து, "இதுக்குள்ள 83 லிட்டரை ஊத்துங்க பார்ப்போம்" என்றார். நீளமும் அகலமும் உயரமும் தனித்தனியே 24 மடங்கு குறைகின்றன. ஆகவே கொள்ளளவு 24 பெருக்கல் 24 பெருக்கல் 24, அதாவது 13,824 மடங்கு குறையும். விடை ஏறக்குறைய 145 மில்லிலிட்டர், ஒரு சிறிய கோப்பைத் தேநீர். கரும்பலகையில் நான் பலமுறை எழுதிக் காட்டியும் பதியாத கணக்கு அந்தக் குழாய்த் துண்டால் பதிந்தது.

அந்தக் குழாய்த் துண்டு எதற்காகப் பையில் இருந்தது என்பதை இனிச் சொல்ல வேண்டும்.

நண்பரின் தந்தை தோட்டத்துப் பால் லோரியில் கெலிண்டானாக வேலை செய்தவர். பழைய தோட்ட வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு அந்த லோரியை விளக்க வேண்டியதில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். வெட்டுக்காரர்கள் வாளிகளில் கொண்டுவரும் ரப்பர்ப் பாலைக் கிராணி நிறுத்துக் கணக்கெழுதுவார். பின் அது வலையில் வடிகட்டப்பட்டு லோரித் தொட்டிக்குள் போகும். வழியில் உறைந்துவிடாமல் இருக்க அமோனியா ஊற்றுவார்கள். தொட்டியின் மூடியைத் திறந்தால் கண் எரியும். கெலிண்டான் ஏணியில் ஏறி நின்று வாளிகளை வாங்கிக் கவிழ்க்க வேண்டும். அந்த வாடை தந்தையின் சட்டையோடு வீட்டுக்கு வரும் என்பார் நண்பர். "எல்லாத்தையும் 24இல் ஒரு பங்காக் குறைக்கலாம் வாத்தியாரே, அந்த வாடையை எப்படிக் குறைக்கிறது?" என்று ஒருநாள் கேட்டார்.

அமெரிக்கக் கார்களுக்கும், ஐரோப்பியப் பந்தயக் கார்களுக்கும் பெட்டி உண்டு. இத்தாலியின் இத்தாலேரி நிறுவனம் நெடுஞ்சாலைப் பெரு லோரிகளையே 24இல் ஒரு பங்கு அளவில் செய்கிறது. நம் தோட்டத்துப் பால் லோரிக்குப் பெட்டி போட எந்த நிறுவனத்துக்கும் தோன்றவில்லை, தோன்றவும் போவதில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வரும் காலத்தில், அந்த லோரியை நினைத்துப் பார்ப்பவர்களே குறைந்துவிட்டார்கள். ஆகவே தாமே செய்வது என்று நண்பர் முடிவு செய்தார். 48 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள தண்ணீர்க் குழாய் தொட்டியாயிற்று. 24ஆல் பெருக்கினால் அது 115 சென்டிமீட்டர். சக்கரங்கள் ஒரு பொம்மை லோரியிலிருந்து வந்தன. மற்ற அனைத்தும் பிளாஸ்டிக் தகட்டை வெட்டிச் செய்தவை. ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்தில் பன்னிரண்டு பால் வாளிகள், கைப்பிடியோடு.

இவ்வேலையின் நடுவில்தான் அவருடைய கண் மங்கத் தொடங்கியது. சர்க்கரை நோய் பல ஆண்டுகளாக இருந்தது. இரத்தத்தில் சர்க்கரை கூடுதலாகவே இருந்து வந்தால் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதடைகின்றன. தொடக்கத்தில் வலியும் இராது, பார்வையும் குறையாது. அதுதான் அதன் கொடுமை. நோயுள்ளவர்கள் நன்றாகத் தெரிகிறதே என்று இருந்துவிடாமல் ஆண்டுதோறும் கண்ணைச் சோதித்துக்கொள்ள வேண்டும். நண்பர் மருத்துவரிடம் போனபோது நோய் முற்றியிருந்தது. லேசர் சிகிச்சை எஞ்சியதைக் காப்பாற்றியது, போனதை மீட்கவில்லை.

அவர் வேலையை நிறுத்தவில்லை. நான் அளவுகோலைப் படித்துச் சொல்வேன், அவர் வெட்டுவார். இரு தகடுகள் சேரும் இடத்தைப் பெருவிரல் நகத்தால் மெல்ல வருடிப் பார்த்து, "இங்க ஒரு மயிரிழை தூக்கியிருக்கு" என்பார். எனக்கு ஒன்றும் தெரியாது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தூக்கித்தான் இருக்கும். கண்ணால் நான் காணாததை நகத்தால் கண்டவரோடு அப்படி இரண்டு ஆண்டுகள் சனிக்கிழமை இரவுகளில் உட்கார்ந்திருந்தேன். எங்களுக்குள் பேச்சு அதிகம் இல்லை. வானொலி மெல்லப் பாடிக்கொண்டிருக்கும், அண்ணி தேநீர் வைத்துவிட்டுப் போவார்.

சாம்பல் நிற அடிப்பூச்சு வரைக்கும் வந்தது லோரி. அங்கே நின்றது. காரணம் கண் அன்று. நிறம் தெரியவில்லை.

லோரியைத் தோட்டம் விற்றபோது நண்பருக்கு எட்டு வயது. நீலம் என்று அவருக்கு நினைவு. அவர் தாயார் பச்சை என்றார். தோட்டத்து முதியவர்களை வீடுவீடாகப் போய்க் கேட்டோம். ஓய்வு பெற்ற தண்டல் ஒருவர் பச்சை என்று அடித்துச் சொன்னார். அவருடைய மனைவி, நீலந்தான், உங்களுக்கு என்ன தெரியும் என்று அவரைக் கண்டித்தார். கிடைத்த இரண்டு புகைப்படங்களும் கறுப்பு வெள்ளை. இடையில் நிறம் மாற்றியிருப்பார்கள் அண்ணே, இரண்டும் சரியாக இருக்கலாம் என்றேன். "இருக்கலாம். எங்கப்பா ஏணியில நின்ன வருஷம் என்ன நிறம்? அதுதான் எனக்கு வேணும்" என்றார். தம் சொந்த நினைவையே அவர் நம்ப மறுத்ததை எண்ணி இன்றும் வியக்கிறேன். வேறு யாராக இருந்தாலும் நீலம் அடித்து முடித்திருப்பார்கள். யார் கேட்கப் போகிறார்கள்?

அவர் காலமான பின் ஒரு மாதம் கழித்து அண்ணி என்னை அழைத்து, "தம்பி, இந்தச் சாமான்களையெல்லாம் என்ன செய்வது?" என்று கேட்டார். அலமாரியில் முடித்த கார்கள் நாற்பதுக்கு மேல். பிரிக்காத பெட்டிகள் பத்துப் பன்னிரண்டு. பழைய டயர்களில் சில, நாளடைவில் பிளாஸ்டிக் சக்கரத்தை அரித்து அதோடு ஒட்டிக்கொண்டிருந்தன. அவ்வகை ரப்பர்ப் பொருளுக்கு அந்தக் குணம் உண்டு. பெட்டிகளை இக்கலையில் ஈடுபட்ட இளைஞர்களுக்குக் கொடுத்தோம். கார்களை மகன் எடுத்துக்கொண்டார். லோரியைப் பள்ளிக்குக் கொடுத்துவிடச் சொன்னார் அண்ணி.

மறைந்த நண்பர் விட்டுச்சென்ற வேலையை மற்றவர்கள் சேர்ந்து முடித்து வைப்பது இக்கலையில் ஒரு மரியாதை. நல்ல பழக்கந்தான். லோரிக்கு வர்ணம் அடித்துத் தருகிறோம் என்று இருவர் முன்வந்தார்கள். நான் வேண்டாம் என்றேன். முடித்த கார்களைப் பார்த்தால் பளபளப்புத்தான் தெரிகிறது. எங்கே தேய்த்தார், எங்கே ஒட்டினார் என்பதெல்லாம் வர்ணத்துக்குள் போய்விட்டது. இந்த ஒரு லோரியில்தான் அவர் நகம் வருடிய இணைப்புகள் அப்படியே தெரிகின்றன. அது மட்டுமன்று. தெரியாத நிறத்தை அடித்தால் அவர் கணக்கில் அது பொம்மையாகிவிடும்.

இப்போது அது எங்கள் பள்ளி நூலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. பால்மரத்தையே பார்த்திராத பிள்ளைகள் வாளிகளை எண்ணுகிறார்கள். ஏன் ஐயா நிறமில்லை என்று கேட்கிறார்கள். தாத்தா பாட்டியைக் கேட்டு வாருங்கள் என்று அனுப்புகிறேன். இதுவரை பச்சைக்குப் பதினொன்று, நீலத்துக்கு ஒன்பது, சிவப்புக்கு ஒன்று.

நேயர்களே, நண்பர் கடைசியாகச் சொன்ன வழி ஒன்று இருக்கிறது. பழைய வண்டியின் தகட்டை நீர்த்தாளால் சாய்வாகத் தேய்த்தால், அதன்மேல் அடித்த நிறங்களெல்லாம் மரத்தின் வளையங்களைப் போல் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும். பட்டறைக்காரர்கள் அனைவருக்கும் தெரிந்த செய்தி இது. கோல சிலாங்கூர் வட்டாரத்தில் பழைய தோட்டத்துப் பால் லோரியின் கதவோ, சக்கர மூடியோ, தகரத் துண்டோ எவர் வீட்டிலாவது கோழிக்கூண்டுக்குக் கூரையாகக் கிடந்தால், அருள்கூர்ந்து வானொலி நிலையத்தின் முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் சுரண்டிப் பார்க்க வேண்டாம். நீர்த்தாளும் ஒரு வாளித் தண்ணீரும் கொண்டு நானே வருகிறேன்.