பின்புறம் சிதையாத துளை



1942-இல் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்ற அண்ணல் அம்பேத்கர், அவ்வாண்டிலேயே நம் மக்களுக்குத் தொழில்நுட்பக் கல்வி வேண்டுமென அரசிடம் வலியுறுத்தினார். பர்கூரிலிருந்து ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலை தேடிச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு அக்கருத்து இன்றும் பொருந்தும். சான்றிதழ் வாயிலைத் திறக்கும். உள்ளே நிலைநிறுத்துவது கைத்திறனே. ஆதலின் இன்று ஒரு சிறு வேலையை ஆராய்வோம்.

மாமரப் பலகையில் சிறு துளையிட்டால் மேற்புறம் செம்மையாக இருக்க, அடிப்புறம் சிலாம்பு பெயர்வதேன்? உள்ளேயுள்ள நார்களை அடுத்த நார்கள் தாங்குகின்றன. கடைசி நார்களுக்குப் பின்னே தாங்குவது ஏதுமில்லை. டிரில் பிட் அவற்றை அறுக்குமுன் தள்ளிப் பெயர்த்துவிடுகிறது.

ஆகவே, பலகையின் அடியில் கழிவுக் கட்டையொன்றை இடைவெளியின்றி வைத்துக் கிளாம்பினால் இறுக்க வேண்டும். கட்டையில் பழைய துளை உள்ள இடம் உதவாது. பிட் கூர்மையாக இருக்கட்டும். அடிக்கடி அதை வெளியே எடுத்துத் தூளை நீக்குக. முடிவு நெருங்கும்போது அழுத்தத்தைத் தளர்த்துக. கட்டை வைக்க இயலாதபோது, நடுமுனை நீண்ட பிட்டைக் கொண்டு துளைத்து, அம்முனை மறுபுறம் தலைகாட்டியதும் நிறுத்தி, பலகையைத் திருப்பி அப்புள்ளியிலிருந்து துளையை முடிக்கலாம்.

தச்சர் வீட்டில் பிறந்தவருக்கே இத்திறன் வாய்க்கும் என்பது பொய். காரணம் அறிந்து பழகிய எந்தக் கைக்கும் அது வரும். தாங்குவாரின்றிச் சிதைந்த தலைமுறைகள் நம்மிடையே உண்டு. 25 ஆண்டுகளாக நம் சங்கம் பின்நின்று தாங்கி வருகிறது. இனி, கற்ற நாம் கற்பவர்களைத் தாங்குவோம்.