பேரிங் பேசும், கேட்கத் தெரியணும்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்திருப்பது பத்து நிமிடம். அதனால் பெரிய தலைப்பு எதுவும் வேண்டாம் என்று, தினமும் நான் மல்லுக்கட்டும் ஒரு சின்னப் பொருளைப் பற்றியே பேசுகிறேன். அதுதான் பேரிங்.

மெஷின் டிசைன் வகுப்பில் நாமெல்லாம் ஒரு கணக்குப் போட்டிருக்கிறோம். பேரிங்கின் தாங்குதிறனைச் சுமையால் வகுக்க வேண்டும். பால் பேரிங் என்றால் வந்த விடையை மூன்று தடவை பெருக்க வேண்டும். ஆயுள் இத்தனை மில்லியன் சுற்று என்று வரும். நூற்றுக்குத் தொண்ணூறு பேரிங்காவது அந்த ஆயுளை எட்டும் என்பது அதன் பொருள். பரீட்சைக்கு அது பத்து மார்க். தொழிற்சாலையில் அதுதான் தலையெழுத்து!

45 மி.மீ. ஷாப்ட்டில் மாட்டும் 6309 பேரிங்கை எடுத்துக்கொள்வோம். தாங்குதிறன் சுமார் 55 கிலோநியூட்டன். சுமை 5.5 என்றால் ஆயுள் 1000 மில்லியன் சுற்று. நிமிடத்துக்கு 1450 சுற்று வேகத்தில் அது ஏறக்குறைய 11,500 மணி நேரம், அதாவது நிற்காமல் ஓடினால் 16 மாதம். "பெல்ட் லூசா இருக்கு சார்" என்று ஒருவர் அதை இழுத்துக் கட்டி, சுமை இரண்டு மடங்கானது என்று வையுங்கள். ஆயுள் பாதியாகும் என்றுதானே தோன்றும்? இல்லை, எட்டில் ஒரு பங்கு. இரண்டே மாதம்! அப்புறம் எல்லோரும் பேரிங் கம்பெனியைத் திட்டுவார்கள்.

ஒரு ஆலையில் நடந்ததைச் சொல்கிறேன். பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் இரண்டு. ஒன்று ஓடும், இன்னொன்று ஸ்டாண்ட்பை. ஸ்டாண்ட்பை பம்ப்பில் புதுப் பேரிங் போட்டு ஆறு மாதம் சும்மாவே நின்றது. ஒருநாள் தேவைப்பட்டு ஓட்டினார்கள். இரண்டாம் நாளே அலற ஆரம்பித்துவிட்டது. பாய்லரை நிறுத்த வேண்டியதாயிற்று. கழற்றிப் பார்த்தால், ஓடுபாதையில் குண்டுகளின் இடைவெளிக்குச் சரியாக வரிசையாய்ப் பள்ளம். "பிட்டர் சுத்தியலால அடிச்சு மாட்டியிருக்கான், வேறென்ன?" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். அவருக்கு மெமோவும் தயார்.

அந்தப் பள்ளத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தோம். அடி விழுந்து வந்த பள்ளம் என்றால், உலோகம் அமுங்கியிருக்குமே தவிர தேய்ந்திருக்காது; அடியில் கிரைண்டிங் கோடுகள் அப்படியே தெரியும். இதில் கோடுகள் அழிந்து, துருநிறத்தில் பொடி ஒட்டியிருந்தது. பக்கத்துப் பம்ப்பின் அதிர்வு, நின்ற பம்ப்பை மாதக்கணக்கில் ஆட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. குண்டு உருளாமல் ஒரே இடத்தில் நடுங்கினால், இடையிலுள்ள கிரீஸ் விலகி இரும்போடு இரும்பு உரசும். பிட்டர் மேல் குற்றமே இல்லை. மெமோ கிழிக்கப்பட்டது. அதன்பின் வாரம் ஒருமுறை ஷாப்ட்டைக் கையால் திருப்பி வேறு நிலையில் நிறுத்தினோம். பம்ப்புகளை முறைமாற்றி ஓட்டினோம். அவ்வளவுதான் வைத்தியம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரீஸ் நிறைய இருந்தால் நல்லது என்பது தப்பு. சாதாரண வேகத்தில், பேரிங்கைச் சுற்றியுள்ள காலியிடத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை போதும். அதிகமானால் கடைந்து கடைந்து சூடேறும். சாதாரண கிரீஸுக்கு 70 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 15 டிகிரிக்கும், மறுபடி கிரீஸ் வைக்கும் இடைவெளியைப் பாதியாக்க வேண்டும். லித்தியம் கிரீஸ் இருக்கும் இடத்தில் பாலியூரியாவைக் கலக்காதீர்கள். ஷாப்ட்டில் இறுக்கமாக உட்காரும் பேரிங்கை உள்வளையத்தில் மட்டும் அழுத்தி ஏற்றணும். வெளிவளையத்தில் தட்டினால் அடி குண்டு வழியாகத்தான் போகும். சூடாக்கி மாட்டுவதென்றால் 110 டிகிரி போதும், கேஸ் பர்னரைக் கிட்டேயே கொண்டுபோகக் கூடாது. வெல்டிங் செய்யும்போது எர்த் கிளாம்ப்பை வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். எங்கேயோ மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் பாய்ந்து ஓடுபாதையைப் பொத்தல் போடும்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். வேலையில் சேர்ந்ததும், கெட்டுப்போன பேரிங்கைப் பழைய இரும்புக்குப் போட விடாதீர்கள். எந்த இயந்திரம், எந்தப் பக்கம், எத்தனை மணி நேரம் ஓடியது என்று சீட்டு எழுதிக் கட்டி வையுங்கள். கழுவுவதற்கு முன் கிரீஸைப் பாருங்கள். பிறகு வெட்டித் திறந்து தடத்தைப் பாருங்கள். காரணம் தெரியாமல் புதுசு மாட்டினால், அடுத்த பிரேக்டவுனுக்கு நாமே தேதி குறித்துக் கொடுத்த மாதிரி. காரணத்தைத் தேடாத இடத்தில் பழி எப்போதும் கீழே இருப்பவர் தலையில்தான் விழும். அது விழாமல் பார்த்துக்கொள்வதும் என்ஜினீயர் வேலைதான்.