லயத்துக்குப் பின்னால் ஒரு பாத்தி



விடிவதற்கு முன்னே பெரட்டுக்குப் போய், மரம் சீவி, கோப்பை கோப்பையாகப் பால் எடுத்து, வாளி சுமந்து, கொசுவுக்கும் அட்டைக்கும் இரத்தம் கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறவர், சாப்பிட்டுச் சற்றுக் கண்ணயர்ந்த பின் மாலையில் என்ன செய்வார்? மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு லயத்துக்குப் பின்னால் போவார். பகலெல்லாம் பட்டது போதாதென்று மறுபடியும் அதே மண், அதே வேர்வை, அதே கொசு. மெர்போக், செமிலிங், பீடோங் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. ஆனால் ஏன் என்று நாம் அதிகம் கேட்டதில்லை.

காசுக்காக என்று சொல்லலாம். கத்தரியும் வெண்டையும் வெளியே வாங்காமல் கிடைத்தால் மிச்சம்தான். ஆனால் வெறும் மிச்சத்துக்காக மட்டும் ஒருவர் தினமும் பாத்தியருகே குந்தி உட்கார்ந்து, புதிதாக விட்ட ஒரு பாகல் கொடியை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கமாட்டார். அந்தப் பார்வையில் கூலிக் கணக்கு இல்லை.

நாம் நினைப்பது இதுதான். பால்மரத்தில் வேலை செய்கிறவர் தம் உழைப்பின் முடிவைப் பார்ப்பதில்லை. அவர் எடுத்த பால் நிறுவைக்குப் போகும்; அங்கிருந்து தொழிற்சாலைக்கு; அங்கிருந்து கப்பலுக்கு. எந்த ஊரில், எந்த வண்டிக்கு டயராக உருளுகிறது என்று அவருக்குத் தெரியாது. கன்று நட்டவர் ஒருவர், அது ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் முற்றியபின் சீவுகிறவர் இன்னொருவர். பயற்றங்காய் அப்படியா? இன்று விதை போட்டால் நாலைந்து நாளில் மண்ணைப் பிளந்துகொண்டு இரண்டு இலை வரும். ஐம்பது அறுபது நாளில் காய் பறிக்கலாம். விதைத்த கையே பறிக்கிறது, பறித்த கையே நறுக்கிக் குழம்பில் போடுகிறது. வேர்வை ஒன்றுதான், ஆனால் காலையில் சிந்தியது பிறருக்கு, மாலையில் சிந்துவது நமக்கு.

வெளிநாட்டு ஆராய்ச்சி ஒன்றும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. ஹாலந்து நாட்டில் காய்கறிப் பாத்தி வைத்திருக்கும் முப்பது பேரை அழைத்து, முதலில் அவர்களுக்கு மன உளைச்சல் தரும் ஒரு வேலையைக் கொடுத்தார்கள். பிறகு பாதிப் பேரை அரை மணி நேரம் பாத்தியில் வேலை செய்யவும், மீதிப் பேரை வீட்டுக்குள் உட்கார்ந்து புத்தகம் படிக்கவும் விட்டார்கள். உளைச்சலின்போது உடலில் ஊறும் கார்ட்டிசோல் என்ற சுரப்பு இரு சாராருக்கும் குறைந்தது; மண்ணில் வேலை செய்தவர்களுக்கு அதிகமாகக் குறைந்தது. மனநிலையும் அவர்களுக்கே முழுதாகத் தெளிந்தது. 2011-இல் வெளிவந்த ஆய்வு இது. முப்பது பேரை வைத்து உலகத்தை அளக்க முடியாது என்பது உண்மை. ஆனாலும் நம் பாட்டிமார் கேட்டால், "இதற்கு ஓர் ஆராய்ச்சி வேறா?" என்று சிரிப்பார்கள்.

இந்தப் பாத்திக்கு ஒரு சட்ட வரலாறும் உண்டு. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தோடு தோட்டத்தில் வாழும் இந்தியத் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் பயிர் செய்யவோ மாடு மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்கவேண்டும் என்றது. அதாவது ஏறத்தாழ 2,700 சதுர அடி. அது கூட்டு மலாய் மாநிலங்களின் சட்டம். கெடா அந்தக் கூட்டில் சேராத மாநிலம். என்றாலும் லயத்துப் பின்புறத்தில் கொடி படர்வது இங்கேயும் இருந்தது. அந்தச் சட்டம் இரக்கத்தால் மட்டும் வந்தது என்று நாம் எண்ணவில்லை. கறிக்கு வழி செய்துகொள்ளும் தொழிலாளி குறைந்த கூலியில் காலந்தள்ளுவார், தோட்டத்தை விட்டும் போகமாட்டார். துரைமாருக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். நம்மவர் அந்தச் சின்னத் துண்டில் வேறொரு கணக்குப் போட்டார்கள். ஊரிலிருந்து வந்தவர்களின் விதை முடிச்சில் இருந்த புடலும் அவரையும் கெடா மண்ணில் காய்த்தன.

ஜப்பான்காரர் காலத்தில், 1942 முதல் 1945 வரை, பர்மா அரிசி வருவது நின்றபோது, அந்தத் துண்டு நிலம் உயிரையே பிடித்து வைத்தது. மரவள்ளிக்கிழங்கு என்ற பேரைக் கேட்டாலே முகம் சுளித்த முதியவர்கள் நம்மிடையே இருந்தார்கள். அந்தக் கிழங்கைத் தின்றுதான் அவர்கள் முதியவர்கள் ஆனார்கள். பிறகு 1974-இல், விலைவாசி ஏறிய காலத்தில், பிரதமர் துன் அப்துல் ரசாக்கின் அரசாங்கம் பச்சைப் புத்தகத் திட்டம் கொண்டுவந்து வீட்டுக்கு வீடு காய்கறி போடச் சொன்னது. தோட்டத்து மக்களுக்கு அதைச் சொல்லித் தரவேண்டிய தேவை இருக்கவில்லை.

இனி, மண். அழுக்கு என்கிறோம். ஆனால் முதல் மழை விழுந்ததும் எழும் மண்வாசனையை யாரும் அழுக்கு வாசனை என்று சொல்வதில்லை. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள்தான் அந்த வாசனைக்கு முக்கியக் காரணம். அதே இனத்து நுண்ணுயிர் ஒன்றிலிருந்துதான் 1943-இல் அமெரிக்காவில் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்தைக் கண்டெடுத்தார்கள். சயரோகத்துக்கு முதன்முதலாகப் பலன் தந்த மருந்து அது. சயரோகம் தோட்டத்து லயங்களில் எத்தனை வீட்டை வெறுமையாக்கியது என்பதை அறிந்தவர்கள், ஒரு பிடி மண்ணைச் சற்று மரியாதையோடு பார்க்கலாம்.

மெர்போக் மண்ணுக்கு இன்னொரு பெருமையும் இருக்கிறது. பக்கத்திலே சுங்கை பத்துவில் 2009-இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அகழத் தொடங்கி, பழங்காலத்தில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களை வெளியே கொண்டுவந்தார்கள். நம் பாத்தியில் உலை கிடைக்காது, கல்தான் கிடைக்கும். அதைப் பொறுக்கி ஓரமாகப் போட்டுவிட்டு, புளிப்பான செம்மண்ணில் மக்கிய சாணமும் கொஞ்சம் அடுப்புச் சாம்பலும் கலந்தால் போதும். பச்சைச் சாணத்தை அப்படியே போட்டால் வேர் வெந்துவிடும்; இரண்டு மூன்று மாதம் மக்கட்டும். ஒரு பாத்தியில் பயறு போட்டால், அடுத்த தடவை அதே இடத்தில் கீரை போடுங்கள். பயற்றின் வேரில் சிறு முடிச்சுகள் இருக்கும். காற்றிலுள்ள தழைச்சத்தை அவை பிடித்து வைக்கின்றன. இளம் பால்மரங்களுக்கு இடையே தோட்டத்தார் கொடி படரவிட்டதும் இதற்காகத்தான்.

ஆனால் மண்ணைப் பற்றி நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நேர்மையாகாது. கெடா மண்ணிலும் தேங்கிய நீரிலும் மெலியோய்டோசிஸ் என்ற நோயின் கிருமி இருக்கிறது. மழைக் காலத்தில் அதிகம். காலில் உள்ள வெடிப்பு, கையில் உள்ள கீறல் வழியே உள்ளே போகும். நீரிழிவு உள்ளவர்களை அது கடுமையாகத் தாக்கும், உயிரையும் எடுக்கும். இனிப்பு நீர் இல்லாத வீடு நம்மில் எத்தனை? ஆகவே சர்க்கரை உள்ள அம்மாமார், ஐயாமார் வெறுங்காலோடு பாத்தியில் இறங்கவேண்டாம். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் உறை, புண் இருந்தால் ஆறும்வரை ஓய்வு. எலியின் சிறுநீரால் வரும் எலிக்காய்ச்சலுக்கும் இதே காப்புத்தான். பாத்தி வேலைக்குப் பின் காய்ச்சல் வந்தால், "நான் மண்ணில் வேலை செய்தேன்" என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த ஒரு சொல் அவருக்குப் பெரிய உதவி.

பூச்சிக்கு வருவோம். பயற்றங்கொடியின் நுனியில் கருப்பாக அப்பிக்கொண்டிருக்கும் செடிப்பேன்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றைச் சுற்றி எறும்புகள் ஓடும். செடிப்பேன் சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது, நாம் பாலுக்காக மாட்டைக் காப்பதுபோல. சிவப்பு முதுகில் கருப்புப் புள்ளி வைத்த சின்ன வண்டு ஒன்று வந்து அந்தப் பேன்களைத் தின்னும். பூச்சி என்றவுடன் அதையும் சேர்த்து நசுக்கிவிடாதீர்கள். பேன் அதிகமானால் சவர்க்காரம் கலந்த நீரைத் தெளித்து, பிறகு நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினால் போகும். பாகற்காயில் புழு வைப்பது பழ ஈ. காய் விரல் நீளம் இருக்கும்போதே பழைய நாளிதழைச் சுருட்டிப் பையாகப் போட்டு நூலால் கட்டிவிட்டால், ஈ முட்டை வைக்க இடமில்லை. பாகற்பந்தலில் தமிழ்ப் பத்திரிகை தொங்குவதைப் பார்த்தால் எழுதியவருக்கு வருத்தமாக இருக்கலாம், காய்க்கு நன்மைதான்.

தோட்டத்தில் புல்லுக்கு அடிக்கும் மருந்தைக் கொஞ்சம் புட்டியில் கொண்டுவந்து வீட்டுப் பாத்தியில் அடிக்கும் பழக்கம் சில இடங்களில் இருந்தது. இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம்: வேண்டாம். மருந்து அடித்த பெண்களின் நகமும் தோலும் மூக்கும் பட்ட பாட்டைத் தோட்டத்து மக்கள் அறிவார்கள். பாராகுவாட் என்ற புல்மருந்தை நிறுத்துவதாக அரசாங்கம் 2002-இல் அறிவித்தது, 2006-இல் தளர்த்தியது, 2020-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள்தான் முழுத் தடை வந்தது. மருந்து இருந்த தோம்பிலோ புட்டியிலோ, எத்தனை தடவை கழுவினாலும், குடிக்கவும் கூடாது, கீரைக்குத் தண்ணீர் பிடித்து வைக்கவும் கூடாது.

இந்த உரையில் நமக்கு மனம் கனக்கும் இடம் ஒன்று உண்டு. அந்தப் பாத்தி நமதுபோல் இருந்ததே தவிர, நமதாக இருக்கவில்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது; சில தோட்டங்கள் துண்டு போடப்பட்டு வீடமைப்புப் பகுதிகள் ஆயின. லயத்தைக் காலி செய்த குடும்பத்துக்கு, 1980-ஆம் ஆண்டு வேலைநீக்க நலன்கள் விதியின்படி கணக்குப் போட்டார்கள். இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு ஆண்டுக்குப் பத்து நாள் சம்பளம், ஐந்து ஆண்டுக்குக் குறைவானால் பதினைந்து நாள், அதற்கு மேல் இருபது நாள். சேவைக்குக் கணக்கு இருந்தது. தாத்தா நட்ட முருங்கைக்கு அந்தத் தாளில் இடம் இல்லை. சுங்கைப்பட்டாணியில் மாடி வீட்டுக்குப் போன எத்தனையோ முதியவர்கள் மாலை ஐந்து மணியானால் கை சும்மா இருக்க மாட்டாமல் தவித்தார்கள். பிள்ளைகள் அதை வயோதிகம் என்று நினைத்தார்கள். அவர்களுக்குப் போனது வேலை மட்டுமல்ல. பகல் முழுதும் பிறருக்கு உழைத்தபின் தமக்கென்று இருந்த ஒரு மணி நேரமும் போனது.

அப்படிப்பட்ட முதியவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவரிடம் ஒரு வாளியைக் கொடுங்கள். அடியில் நாலு ஓட்டை, அதன்மேல் கொஞ்சம் சரளை, பிறகு மண். மிளகாய் வரும், கீரை வரும், செராய் வரும். சாக்குப் பையிலும் கத்தரி வரும். வாளிக்கு அடியில் தட்டு வைத்தால் வாரம் ஒரு தடவை நீரைக் கொட்டி, தட்டை நன்றாகத் தேய்த்துக் கழுவவேண்டும். டெங்கிக் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். முட்டை தட்டின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு, காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வெறுமனே கொட்டினால் போதாது என்று சொல்வது அதனால்தான்.

கெடாவில் சனவரி, பிப்ரவரி வறட்சி. பால்மரம் இலை உதிர்க்கும் காலம். அப்போது புதிதாக எதையும் தொடங்கவேண்டாம், இருப்பதைத் தண்ணீர் விட்டுக் காப்பாற்றினால் போதும். ஏப்ரலில் மழை இறங்கியதும் விதை போடலாம்.

கறிவேப்பிலைக்கு மட்டும் விதை தேடி அலையவேண்டாம். பழைய மரத்தைச் சுற்றி வேரிலிருந்தே சிறு கன்றுகள் கிளம்பியிருக்கும். லயத்தை விட்டு வரும்போது பல பெண்கள் அதைத்தான் ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். ஒரு சாண் உயரமுள்ள கன்றாகப் பார்த்து, தாய்வேரிலிருந்து சிறு துண்டும் சேர்ந்து வருமாறு கூர்மையான கத்தியால் வெட்டி எடுங்கள். பாதி இலையைக் கிள்ளிவிட்டு, நிழலில் ஒரு சட்டியில் நட்டு, மண் காயாமல் மூன்று நான்கு வாரம் வைத்திருங்கள். புதுத் தளிர் விட்டால் வேர் பிடித்துவிட்டது என்று பொருள். பிறகு மெதுவாக வெயிலுக்கு நகர்த்தலாம். முதலாண்டு இலையை அதிகம் பறிக்கவேண்டாம்.