மூச்சுக்குத் துணை: முகமூடியா, மின்கருவியா?

(சமூக மன்றத்தில் மூத்தோருக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நான் மருத்துவர் இல்லை. மருத்துவர் சொல்வதை உங்களுக்குத் தமிழில் சொல்வதும், நீங்கள் சொல்வதை அவரிடம் சொல்வதும்தான் என் வேலை.

ஆலோசனை அறையில் கேட்ட ஒரு பேச்சிலிருந்து தொடங்குகிறேன். ஒரு பெரியவருக்கு மோட்டார் நியூரான் நோய். தசைகளை இயக்கும் நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கும் நோய் அது. இரவில் மூச்சுதவி முகமூடி போட்டுக்கொள்ளுங்கள் என்றார் மருத்துவர். பெரியவர் ஒப்புக்கொள்ளவில்லை. "அதெல்லாம் கடைசி நேரத்துல போடுறதும்மா. எனக்கு இன்னும் அந்த நிலைமை வரல" என்றார். பக்கத்தில் இருந்த மகள் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். "இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைக்கிற மாதிரி மூச்சுக்கும் ஒன்னு இருக்காமே டாக்டர். அப்பாவுக்கு அத வச்சிரலாமே?"

இரண்டுமே நியாயமான பேச்சுதான். ஆனால் இரண்டிலும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது.

மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே குடை போல ஒரு தசை இருக்கிறது. பள்ளிப் புத்தகத்தில் உதரவிதானம் என்று படித்திருப்பீர்கள். அது கீழே இறங்கினால் காற்று உள்ளே வரும், மேலே ஏறினால் வெளியே போகும். பட்டறைத் துருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துருத்தியை இயக்கும் கட்டளை மூளையிலிருந்து கிளம்பி, கழுத்துத் தண்டுவடத்தில் புறப்படும் இரண்டு நரம்புகள் வழியாகத் தசைக்கு வந்து சேர்கிறது.

வழியில் எந்த இடத்தில் பழுது என்பதைப் பொறுத்துத்தான் சிகிச்சை. மூச்சுக்கான பேஸ்மேக்கரின் கதையே இதில்தான் இருக்கிறது.

1960களில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அறுவை மருத்துவர் வில்லியம் கிளென், அந்த நரம்பின்மேல் மின்முனையை வைத்து, உடலுக்கு வெளியிலிருந்து வானொலி அலை மூலம் அதைத் தூண்டிக் காட்டினார். பிறகு கிளீவ்லாந்து நகரத்து அறுவை மருத்துவர் ரேமண்ட் ஆண்டர்ஸ் வேறு வழியில் போனார். மார்பைத் திறக்காமல், வயிற்றில் சிறு துளைகள் போட்டு, மெல்லிய கம்பிகளை உதரவிதானத்திலேயே பொருத்தினார். கம்பிகள் தோலைத் தாண்டி வெளியே வந்து மின்கலத்தில் ஓடும் ஒரு சிறு பெட்டியில் சேரும். பெட்டி தூண்டும்போதெல்லாம் தசை சுருங்கும், காற்று உள்ளே போகும். முதல் நோயாளிக்கு 2000ஆம் ஆண்டில் பொருத்தினார்கள்.

சூப்பர்மேன் படத்தில் நடித்த கிறிஸ்டோபர் ரீவ் உங்களுக்கு நினைவிருக்கலாம். 1995இல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்து முறிந்தவர். தொண்டைத் துளை வழியாக வென்டிலேட்டர் துணையோடுதான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். 2003இல் அவருக்கும் இந்தக் கருவியைப் பொருத்தினார்கள். வென்டிலேட்டரை எடுத்துவிட்டு மூச்சு விட முடிந்தது, மூக்கு வழியாகக் காற்று போனதால் வாசனையும் திரும்பத் தெரிந்தது. கழுத்தில் மேலே அடிபட்டவர்களுக்கு இது உண்மையிலேயே பெரிய உதவி. அவர்களுடைய தண்டுவடத்தில்தான் பழுது. அதற்குக் கீழே உள்ள நரம்பும் தசையும் நன்றாக இருந்தால் கருவி வேலை செய்யும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2008இல் அனுமதி கொடுத்ததும் இத்தகையவர்களுக்காகத்தான்.

மோட்டார் நியூரான் நோயில் நரம்பே பட்டுப்போகிறது. விளக்குக்குப் போகும் கம்பி அறுந்துகொண்டே வரும்போது சுவிட்சைப் புதிதாக மாற்றி என்ன பயன்? ஆனாலும் நம்பிக்கை இருந்தது. 2011இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கும் அனுமதி கிடைத்தது. பிரிட்டனில், உண்மையில் பலன் தருகிறதா என்று முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். 7 மருத்துவமனைகள், 74 நோயாளிகள். எல்லோருக்கும் முகமூடி உண்டு, பாதிப் பேருக்குக் கருவியும் சேர்த்து. முடிவு 2015இல் வெளியானது. முகமூடி மட்டும் போட்டவர்கள் வாழ்ந்த காலத்தின் நடுமதிப்பு 22.5 மாதம். கருவியும் பொருத்தியவர்களுக்கு 11 மாதம். ஆய்வை முன்பே நிறுத்திவிட்டார்கள்.

மகளிடம் மருத்துவர் இதைத்தான் பொறுமையாகச் சொன்னார். மொழிபெயர்க்கும்போது எனக்கே தொண்டை அடைத்தது. புதியது என்றால் நல்லது என்று நாம் எல்லோரும் எளிதில் நம்பிவிடுகிறோம், நானும்தான்.

இனி அப்பா சொன்னதற்கு வருகிறேன். முகமூடி கடைசி நேரத்துக்கானது இல்லை. மூக்கிலோ, மூக்கையும் வாயையும் சேர்த்தோ பொருத்தும் முகமூடி அது. நீங்கள் மூச்சு இழுக்கும்போது ஒரு சிறு இயந்திரம் காற்றைக் கொஞ்சம் தள்ளிக் கொடுக்கும். தொண்டையில் துளை இல்லை, மயக்க மருந்து இல்லை. வேண்டாமென்றால் நீங்களே கழற்றலாம். 2006இல் வெளிவந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், விழுங்கும், பேசும் தசைகள் அதிகம் பாதிக்கப்படாதவர்கள் முகமூடியால் கூடுதலாக வாழ்ந்த காலத்தின் நடுமதிப்பு 205 நாள். அந்த நாள்களில் நன்றாகத் தூங்கினார்கள் என்பதும் முக்கியம்.

மூச்சுத் தசை தளர்வது முதலில் தூக்கத்தில்தான் தெரியும். மல்லாந்து படுக்க முடியாமல் மூன்று தலையணை வைப்பது, நாற்காலியிலேயே தூங்குவது, காலையில் எழுந்ததும் தலைவலி, பகலெல்லாம் தூக்கக் கலக்கம், பலமாக இரும முடியாமை, ஒரே மூச்சில் நீளமாகப் பேச முடியாமை. இதய நோயாலும் இவற்றில் சில வரலாம். அதனால் "வயசாச்சு, அப்படித்தான்" என்று விடாமல் பலதுறை மருந்தகத்தில் சொல்லுங்கள். திடீரென்று மூச்சுத் திணறினால் காத்திருக்காமல் 995ஐ அழையுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். வீட்டில் யாருக்கோ வாங்கிய உயிர்வாயு இயந்திரம் சும்மா கிடக்கிறதே என்று நீங்களாக எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டாம். துருத்தி தளர்ந்தவருக்கு உள்ளே தேங்கும் கரியமில வாயுவை வெளியேற்றுவதுதான் சிக்கல். உயிர்வாயுவை மட்டும் கொடுத்தால் சிலருக்கு அந்த வாயு இன்னும் ஏறி, மயக்கத்தில் கொண்டுபோய் விடும். விரலில் மாட்டும் கருவியில் எண் அழகாகத்தான் காட்டும். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே பயன்படுத்துங்கள்.

முகமூடி முதல் சில நாள் தொந்தரவுதான், மறைக்க விரும்பவில்லை. பகலில் தொலைக்காட்சி நாடகம் பார்க்கும்போது ஒரு மணி நேரம் போட்டுப் பழகுங்கள். முகத்தில் எண்ணெயோ கிரீமோ இருந்தால் கழுவிவிடுங்கள், வழுக்கிக் காற்றுக் கசியும். ஐயாமார்களின் அடர்ந்த மீசையும் அப்படித்தான். மூக்குத் தண்டில் தோல் சிவந்தால் தாதியிடம் காட்டுங்கள், அளவு மாற்றித் தருவார்கள். வாரை இன்னும் இறுக்கினால் புண்தான் வரும்.

முகமூடி வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. எதுவரை இயந்திரத் துணை வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதைப் பேச முடிகிற காலத்திலேயே பிள்ளைகளிடம் சொல்லி, முன்கூட்டிய பராமரிப்புத் திட்டத்தில் எழுதி வையுங்கள். பிள்ளைகள் அழுவார்கள். அழட்டும், பிறகு கேட்பார்கள்.

அந்தப் பெரியவர் அன்று நிறைய நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மருத்துவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "ஒரு வாரம் போட்டுப் பாக்குறேன்னு சொல்லும்மா" என்றார். சொன்னேன்.

உங்களுக்கும் தமிழில் பேசினால்தான் மனம் திறக்கும் என்றால், மருத்துவரைப் பார்க்க நாள் குறிக்கும்போதே மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று கேளுங்கள். பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க வைக்க வேண்டாம். சில செய்திகளை அவர்கள் உங்களிடம் சொல்ல மாட்டார்கள்.