புதுக்குடியும் பழம்பூட்டும்

பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தின் எல்லையைக் கடந்து, பெங்களூரிலோ பிற மாநில நகரங்களிலோ வாடகை வீட்டில் குடியேறுகின்ற நாம், பால் காய்ச்சுவதற்கு நல்ல நாள் பார்க்கிறோம். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று விசாரிக்கிறோம். பள்ளிக்கூடம் எவ்வளவு தொலைவு என்று கேட்கிறோம். வாசற்கதவின் சாவி இதுவரை எத்தனை கைகளுக்குப் போய்வந்தது என்று மட்டும் கேட்பதில்லை. வீட்டுக்காரர் இரண்டு சாவிகளைத் தருகிறார். உலகில் அவ்விரண்டே உள்ளன என்று நம்பி வாங்கிக்கொள்கிறோம்.

நமக்கு முன் அவ்வீட்டில் ஒருவர் இருந்தார். அவருக்கு முன் மற்றொருவர். அவர்கள் வீட்டில் வேலை செய்த அம்மாள், வீடு காட்டிய தரகர், வெள்ளையடிக்க வந்தவர் எனப் பலரிடம் அச்சாவி ஒரு நாளேனும் இருந்திருக்கும். தெருவோரத்தில் குடையின் கீழ் அமர்ந்திருப்பவர் சில நிமிடங்களில் மாற்றுச் சாவி அறுத்துத் தந்துவிடுகிறார். இவர்களுள் எவரும் தீயவர் என்று நாம் கூற வரவில்லை. ஆயினும், வயது முதிர்ந்த தாயாரைப் பகலெல்லாம் தனியே விட்டு அலுவலகம் செல்பவருக்கு, முகமறியாதவரிடம் தம் வீட்டுச் சாவி ஒன்று இருக்கக்கூடும் என்னும் நினைப்பு நிம்மதி தருமா?

அமெரிக்க நாட்டில் மோட்டார் வண்டிக்குப் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் சிறு வீட்டு வண்டிகள் உண்டு. அவற்றின் சாமான் அறைகளுக்கு சி.எச். 751 என்னும் எண்ணுடைய ஒரே சாவி மிகப் பல வண்டிகளில் பொதுவாக அமைந்திருக்கிறது. ஒருவர் சாவி மற்றொருவர் அறையைத் திறக்கும்! பழைய வண்டியை வாங்குகிறவர் முதல் வேலையாக வாசற்கதவின் பூட்டை மாற்றிவிடுவது நலம் என்று அங்கே அறிந்தவர்கள் சொல்வர். பதினொரு மாத ஒப்பந்தத்தில் ஊர்விட்டு ஊர் நகரும் நம்மவர் குடித்தனமும் ஏறக்குறைய வண்டி வாழ்க்கைதானே.

பூட்டை மாற்ற நமக்கு உரிமை உண்டா என்னும் ஐயம் எழலாம். 2021-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மத்திய அமைச்சரவை மாதிரிக் குத்தகைச் சட்டம் ஒன்றை ஏற்று மாநிலங்களுக்கு அனுப்பியது. அது மாதிரியே, மாநிலம் அதனைத் தழுவிச் சட்டம் செய்தாலன்றி எவரையும் கட்டுப்படுத்தாது. எனினும் நியாயம் எந்தப் பக்கம் என்று அறிய அது உதவும். அதன் இரண்டாம் அட்டவணையில், கதவுகளின் பிடிகளையும் பூட்டுகளையும் மாற்றும் பொறுப்பு குடியிருப்பவருடையது என்று குறித்திருக்கிறது. வீட்டுக்காரர் உள்ளே வரவேண்டுமானால் குறைந்தது 24 மணி நேரத்திற்கு முன் எழுத்தில் தெரிவிக்கவேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. ஆயினும் சட்டத்தை நீட்டிப் பேசுவதைவிட, "ஐயா, எங்கள் செலவிலேயே மாற்றிக்கொள்கிறோம், போகும்போது தங்கள் பூட்டையே திரும்பப் பொருத்தித் தருகிறோம்" என்று முன்கூட்டிச் சொல்லிவிடுவதே நல்லது. பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்குவது வெகுகாலம் வழக்கமாயிருந்த ஊர் இது. பூட்டைச் சாக்காக வைத்து அத்தொகையில் கைவைக்க இடந்தரலாகாது.

இனி வேலைக்கு வருவோம். ஆல்டிராப்பில் தொங்குபூட்டு மாட்டும் கதவானால் சிரமமே இல்லை; புதுப் பூட்டு ஒன்று வாங்கினால் போதும். கதவின் தடிமனுக்குள் புதைந்திருக்கும் மார்ட்டிஸ் பூட்டைக் கண்டுதான் பலர் அஞ்சித் தச்சரை அழைக்கின்றனர். அவற்றுள் பெரும்பாலானவற்றில் முழுப் பூட்டையும் பெயர்க்கவேண்டியதில்லை. சாவி நுழையும் உருளையை மட்டும் மாற்றினால் போதும். 1861-லும் 1865-லும் லைனஸ் யேல் என்னும் அமெரிக்கர் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. உருளைக்குள் சிறு ஊசிகள் வில்லின் மீது வரிசையாக நிற்கின்றன. உரிய சாவியின் பற்கள் அவ்வூசிகளைச் சரியான உயரத்தில் நிறுத்தும்போதுதான் உருளை சுழலும். ஆகவே உருளை மாறினால் பழைய சாவிகள் அத்தனையும் வெறும் உலோகத்துண்டுகளாகிவிடுகின்றன.

கதவைத் திறந்து வைத்துக்கொண்டே இவ்வேலையைச் செய்யவேண்டும். கதவின் விளிம்பில், சாவித்துளைக்கு நேராக, நீண்ட திருகாணி ஒன்று இருக்கும். அதனை முற்றிலும் கழற்றுக. பின்னர் சாவியை நுழைத்துச் சற்றே திருப்பினால், உருளையின் நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் சிறு பல் உள்ளே ஒடுங்கும். அந்நிலையில் மெல்ல இழுத்தால் உருளை வெளியே வந்துவிடும். வரவில்லையென்றால் சுத்தியலைத் தேடவேண்டாம். சாவியை இப்புறமும் அப்புறமும் சிறிது அசைத்துப் பார்த்தால் போதும். திருகாணித் துளையின் நடுவிலிருந்து இரு முனைகளுக்கும் உள்ள நீளத்தைத் தனித்தனியே மில்லிமீட்டரில் அளந்து குறித்துக்கொள்க. இருபுறமும் ஒரே நீளமாக இருக்கவேண்டும் என்பதில்லை. புதிய உருளை கதவின் வெளிப்புறத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால், இடுக்கியால் பற்றி முறிக்கத் திருடனுக்கு வசதியாகிவிடும்.

பழைய உருளையையே கையில் எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்வது உத்தமம். கன்னடத்தில் பூட்டை 'பீக' என்பர்; சாவியோ 'பீகத கை', அதாவது பூட்டின் கை! நாம் வழங்கும் 'சாவி' போர்த்துகீசியரிடமிருந்து வந்தது. நம்முடைய 'திறவுகோல்' நூல்களோடு நின்றுவிட்டது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இது சற்று வருத்தமே.

வாங்கும்போது ஒன்றில் மட்டும் சிக்கனம் பார்க்கலாகாது. உட்புறத்தில் சாவிக்குப் பதிலாகக் கையால் திருகும் குமிழ் உள்ள உருளையையே கேட்டு வாங்குக. இரவில் அடுப்பங்கரையில் தீப்பற்றினால் புகையினூடே சாவியைத் தேடிக்கொண்டிருக்க இயலாது. பகலில் பெரியவர்களை உள்ளே வைத்து வெளியிலிருந்து பூட்டிச் செல்லும் வழக்கம் நம்மவர் சிலரிடம் உண்டு. அது பாதுகாப்பன்று, ஆபத்து. தானே பூட்டிக்கொள்ளும் கதவானால், தாய் வாசலில் கோலமிடும்போது குழந்தை கதவைத் தள்ளிவிடுவதும் உண்டு. ஆதலால் ஒரு சாவி நம்பிக்கையான அண்டை வீட்டாரிடம் இருக்கட்டும். பூந்தொட்டியின் அடியில் வேண்டாம்.

பூட்டு இறுகினால் தேங்காயெண்ணெய் விடுவது நம் ஊர்ப் பழக்கம். ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே அவ்வெண்ணெய் உறைந்துவிடும். பெங்களூரின் மார்கழி இரவுகளோ 15, 16 டிகிரிக்கு இறங்குபவை. தூசியும் அதில் ஒட்டிக்கொள்ளும். பென்சில் கரியின் தூளைச் சாவியில் தடவி நுழைத்தால் போதும். மழைக்காலத்தில் சாவி திரும்பாவிட்டால் உடனே பூட்டைப் பழிக்கவேண்டாம். கதவைத் திறந்து வைத்துத் திருப்பிப் பாருங்கள். நாக்கு எளிதாக ஓடினால் பூட்டு நன்றாகவே இருக்கிறது; மரம் ஊறியதாலோ கீல் தொய்ந்ததாலோ நிலையிலுள்ள தகடு விலகியிருக்கிறது என்று பொருள்.

ஆல்டிராப் கதவுள்ளோர், ஊருக்குப் போய்வரும்போது திண்டுக்கல்லில் இறங்கிக் கைவினைப் பூட்டு ஒன்று வாங்கிவரலாம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது அது. மாங்காய் வடிவப் பூட்டு முதலாகப் பல வகைகள் அங்கே உண்டு. இயந்திரத்தில் செய்த அலிகார் பூட்டுகள் விலையில் மலிந்து அத்தொழிலை வெகுவாக ஒடுக்கிவிட்டன. கையால் அராவிய நெம்புத் தகடுகளின் பொருத்தம் சாவியைத் திருப்பும்போதே தெரியும். சில நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும் என்பது நம் அபிப்பிராயம்.

கழற்றிய பழைய உருளையையும் அதன் திருகாணியையும் வீட்டுக்காரர் தந்த இரண்டு சாவிகளையும் ஒரு துணியில் சுற்றி, வாடகை ஒப்பந்தத்தோடு சேர்த்து வையுங்கள். வீட்டைக் காலி செய்யும் நாளன்று, சாமான் லாரி வருமுன் அதனைப் பொருத்திக் காட்டிவிட்டு, புதியதை அடுத்த வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம், அளவு பொருந்துமானால்.