பழைய டிராக்டர் வாங்கப் போகிறீர்களா?

(பண்ணை வானொலி உரை)



சந்தையில் உழவு மாடு வாங்கப் போனால் நாம் என்னென்ன பார்க்கிறோம்? பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். சுழி பார்க்கிறோம். கழுத்தைத் தடவிப் பார்க்கிறோம். நாலு அடி நடக்கவிட்டுப் பார்க்கிறோம். துண்டு போட்டு விரலைப் பிடிப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். ஆனால் அதைவிடப் பல மடங்கு பணம் போட்டுப் பழைய டிராக்டர் வாங்கப் போகிறவர், பெயிண்ட் பளபளப்பாக இருப்பதைப் பார்க்கிறார். சாவி போட்டதும் வண்டி கிளம்புவதைப் பார்க்கிறார். முன்பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்.

பழைய வண்டி வாங்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. புது வண்டிக்குக் கடன் வாங்கித் தவணை கட்ட முடியாதவருக்கு நல்ல பழைய வண்டி ஒரு வரப்பிரசாதம்தான். மாட்டைப் பார்க்கிற மாதிரி டிராக்டரையும் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். உங்களுக்கு 5 ஏக்கர் நஞ்சை, இரண்டு போகம் என்று வைத்துக்கொள்வோம். புழுதி உழவு, சேற்றுழவு எல்லாம் சேர்த்துப் போகத்துக்கு ஏக்கருக்கு 4 மணி நேரம் என்றாலும் வருஷத்துக்கு 40 மணி நேரம்தான் வேலை. டிராக்டரின் ஆயுளை 10,000 மணி என்றும், வருஷத்துக்கு 1,000 மணி ஓடும் என்றும் வைத்துக் கணக்கிடுவது பொறியியல் வழக்கம். 1,000 மணி ஓட வேண்டிய வண்டியை 40 மணி ஓட்டுவதற்காக வாங்கிக் கொட்டகையில் நிறுத்தினால், போட்ட பணமும் அங்கேயேதான் நிற்கும். அப்படிப்பட்டவருக்கு வாடகை வண்டியே மேல். வேளாண்மைப் பொறியியல் துறையே டிராக்டரை வாடகைக்கு விடுகிறது. அக்கம்பக்கத்து வயலுக்கும் ஓட்டுவேன், ஓட்டத் தெரிந்த பையன் வீட்டில் இருக்கிறான், டிரெய்லரும் இழுப்பேன் என்பவர் தாராளமாக வாங்கலாம்.

சரி, வாங்குவது என்று முடிவாகிவிட்டது. எந்த வண்டி? டெல்டாவின் சேற்று வயலுக்கு ரொம்பக் கனமான வண்டி ஆகாது, புதைந்துவிடும். ஒன்பது கொத்துக் கலப்பை, 5 அடி ரோட்டவேட்டர், கேஜ் வீல் இவற்றோடு வேலை செய்ய 35 முதல் 45 குதிரைசக்தி வண்டி போதும். கம்பெனிப் பெயரைவிட முக்கியமானது, அதன் உதிரிபாகம் பக்கத்து ஊரில் கிடைக்குமா, அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறாரா என்பதுதான். எச்.எம்.டி. வண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். உழைப்பாளி வண்டி. ஆனால் பிஞ்சோரில் இருந்த அந்த டிராக்டர் தொழிற்சாலையை மூடிவிட 2016-இல் மத்திய அரசு முடிவு செய்துவிட்டது. சாமான் கிடைக்கும் இடம் தெரிந்தவர் வாங்கலாம். தெரியாதவர் யோசிக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிட்டு, நடவு நேரத்தில் ஒரு வாஷருக்காக வெளியூருக்கு அலைந்தால் அந்த மலிவு மலிவே அல்ல.

வண்டி பார்க்க விடியற்காலையில் போங்கள். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள்; அவருக்கு ஒரு நாள் கூலி கொடுப்பது வீண் செலவு அல்ல. போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே கிளப்பி ஓடவிட்டிருக்கிறார்கள். "இன்னொரு நாள் வருகிறேன்" என்று சொல்லித் திரும்பிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் அதன் வயசு தெரியும்.

கிளம்பியதும் புகையைப் பாருங்கள். புகை நமக்கு மூன்று சேதி சொல்லும். சுமை ஏறும்போது கொஞ்சம் கறுப்பாக வருவது சகஜம். ஓயாமல் கறுப்பாக வந்தால் காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், டீசல் பம்பிலோ நாசிலிலோ கோளாறு இருக்கலாம். இதைச் சரி செய்துவிடலாம். நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயிலே எரிகிறது என்று அர்த்தம். ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கக்கூடும், பெரிய செலவு. வெள்ளைப் புகை, குளிர்ந்த எஞ்சினில் முதல் இரண்டொரு நிமிஷம் வந்து நின்றுவிட்டால் பயமில்லை. சூடான பிறகும் நிற்காவிட்டால் உள்ளே தண்ணீர் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று ஆவி வருகிறதா? அதுவும் ரிங் தேய்ந்ததன் அடையாளம். ரேடியேட்டர் மூடியை மட்டும் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே திறந்து பாருங்கள். சூட்டில் திறந்தால் முகத்தில் கொதிநீர் அடிக்கும். உள்ளே எண்ணெய் மிதந்தால் அந்த வண்டி வேண்டாம்.

நம் பக்கத்து வண்டிகளுக்கென்றே ஒரு வியாதி உண்டு. வருஷக்கணக்கில் சேற்றில் உழுத வண்டியில், சீல் தேய்ந்து கியர் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிடும். கியர் ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், உடையவர் அனுமதியோடு அடித் திருகைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தங்கி அதுதான் முதலில் வரும். பேரிங், பல்சக்கரம், ஹைட்ராலிக் பம்ப் எல்லாவற்றையும் இந்தத் தண்ணீர் மெல்ல மெல்லத் தின்றுவிடும். வெளியே எந்தச் சத்தமும் கேட்காது.

அடுத்தது ஹைட்ராலிக். கலப்பையை மாட்டித் தூக்குங்கள். திக்கித் திக்கி ஏறுகிறதா, ஒரே சீராக ஏறுகிறதா? தூக்கின நிலையில் எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு வெற்றிலை போடுகிற நேரம் காத்திருங்கள். கொஞ்சம் தாழ்ந்தால் பாதகமில்லை. பொத்தென்று தரைக்கு வந்தால் உள்ளே கசிவு இருக்கிறது. கலப்பை இறங்கும் இடத்தில் காலை மட்டும் வைக்காதீர்கள்.

மணி காட்டும் மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். பல பழைய வண்டிகளில் அது என்றைக்கோ நின்று போயிருக்கும். கிளட்ச், பிரேக் மிதிகள் தேய்ந்து வழவழப்பாக இருக்கின்றனவா, டிரெய்லர் மாட்டும் கொக்கியின் துளை முட்டை வடிவத்துக்கு அகன்றிருக்கிறதா, ஸ்டியரிங் எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். மாட்டுக்குப் பல் மாதிரி, வண்டிக்கு இவை. இடது, வலது பிரேக்குகளைத் தனித்தனியாக மிதித்துப் பார்க்க வேண்டும். பின் டயர் வெடித்திருந்தால் புது ஜோடி என்ன விலை என்று கடையில் விசாரித்து, பேசும் விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

சாவியில் கிளம்பாமல், ஸ்டார்ட்டரில் ஸ்க்ரூ டிரைவர் வைத்துக் கிளப்பிக் காட்டுகிறார்களா? வண்டி கியரில் இருந்தால் கிளம்பிய வேகத்தில் நிற்பவர் மேலேயே ஏறிவிடும். இப்படி உயிர் போயிருக்கிறது. வாங்கினாலும் அதைச் சரி செய்யாமல் ஓட்டாதீர்கள்.

இவ்வளவும் பார்த்து, வண்டி நன்றாகவே இருக்கிறது. முடிந்ததா? முடியவில்லை. இங்கேதான் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன்னால், நான் வேலை பார்த்த வட்டாரத்தில் ஒரு விவசாயி. சொந்த நிலம் மூன்று ஏக்கர், குத்தகை நாலு ஏக்கர். வீட்டம்மாவின் நகையை அடகு வைத்துப் பழைய டிராக்டர் வாங்கக் கிளம்பினார். "சார், நீங்க ஒரு வார்த்தை பார்த்துச் சொல்லிட்டா போதும்" என்று என்னைக் கூப்பிட்டார். நானும் போனேன். புகை பார்த்தேன், ஆயில் பார்த்தேன், ஹைட்ராலிக் பார்த்தேன். எல்லாம் சுத்தம். "நல்ல வண்டி, வாங்கலாம்" என்றேன். ஆர்.சி. புத்தகத்துக்கு நகல்தான் காட்டினார்கள். "அசல் ஊர்ல இருக்கு, பதினைஞ்சு நாள்ல பேர் மாத்திக் கொடுத்துடறோம்" என்றார் தரகர். நான் வாயைத் திறக்கவில்லை. காகிதம் என் வேலை இல்லை என்று நினைத்தேன்.

இரண்டு மாசம் கழித்து, சம்பாவுக்குச் சேற்றுழவு நடந்துகொண்டிருந்தபோது கடன் கொடுத்த நிதி நிறுவனத்து ஆட்கள் வந்து, வயலிலிருந்தே வண்டியை எடுத்துப் போய்விட்டார்கள். முதல் சொந்தக்காரர் தவணை பாக்கி வைத்திருந்தார். ஆர்.சி. அவர் பெயரில், பணம் கொடுத்தவரிடம் ஒரு துண்டுச் சீட்டுதான் இருந்தது. பாதி உழுத வயலை வாடகை வண்டி வைத்து முடித்தார். நகையை மீட்க அவருக்கு மூன்று போகம் பிடித்தது. அவர் என்னைத் திட்டவில்லை. "நீங்களும்தானே சார் கூட வந்தீங்க" என்றார், அவ்வளவுதான்.

அதனால் சொல்கிறேன், அசல் ஆர்.சி.யைக் கையில் வாங்கிப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அதிலுள்ள எஞ்சின் எண், சேஸிஸ் எண் இரண்டையும் துணியால் துடைத்து, வண்டியில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் பெயர் அதில் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான தடையில்லாச் சான்றும், கையெழுத்தான படிவம் 35-ம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வெளிமாநில வண்டி என்றால் அந்த ஊர் அலுவலகத்தின் தடையில்லாச் சான்று, அதாவது படிவம் 28-ம் சேர வேண்டும். வாங்கிய 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். 15 வருஷம் தாண்டிய வண்டியானால் பதிவைப் புதுப்பித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். இன்ஷூரன்ஸும் உங்கள் பெயருக்கு மாற வேண்டும். டிரெய்லர் சேர்த்து வாங்கினால் அதன் காகிதத்தையும் தனியாகக் கேளுங்கள். இப்போது கைபேசியிலேயே வண்டி எண்ணைப் போட்டு விவரம் பார்க்க வசதி இருக்கிறது. நமக்குத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் படிக்கிற பிள்ளை பார்த்துச் சொல்லும்.

கடைசியாக ஒன்று. கையில் இருக்கிற பணம் முழுவதையும் வண்டி விலைக்கே கொடுத்துவிடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். எவ்வளவு நல்ல பழைய வண்டியானாலும் வீட்டுக்கு வந்ததும் எல்லா ஆயிலும் பில்டரும் மாற்ற வேண்டும். முதல் வருஷத்தில் ஏதாவது ஒரு செலவு வைக்கத்தான் செய்யும். தண்ணீர் திறந்த பிறகு ஓடாதீர்கள். எல்லோருக்கும் வண்டி தேவைப்படும் மாதத்தில் விலையும் ஏறும், நமக்கு அவசரமும் ஏறும். நானும் அந்த விவசாயியும் ஆடி மாதத்தில்தான் போனோம். அவசரப்படாமல் இருந்திருந்தால் அசல் ஆர்.சி. வரும்வரை அந்தப் பதினைந்து நாள் காத்திருந்திருப்போம்.

நீங்கள் காத்திருங்கள்.