கையொப்பமும் கடவுச்சொல்லும்



நம் முன்னோர்க்கு 1892 முதல் பஞ்சமி நிலங்கள் வழங்கப்பட்டன. முதல் 10 ஆண்டுகள் அவற்றை எவர்க்கும் விற்கலாகாது. அதன் பின்னரும் நம்மவரல்லாதார்க்கு மாற்றலாகாது என்பது விதி. ஆயினும் அந்நிலங்களுள் பெரும்பகுதி கைமாறிப் போயிற்று. மிரட்டலால் போனவை உண்டு. கடனால் போனவை உண்டு. படித்துப் பார்க்க இயலாத தாளில் பெருவிரலை உருட்டியதால் போனவையும் உண்டு. அந்நிலை மீண்டும் வாராதிருக்கவே நம் கல்விச் சங்கம் 25 ஆண்டுகளாக உழைத்து வருகிறது.

இன்று நம் பிள்ளைகள் வட்டாட்சியர் அலுவலகத்திலும் கருவூலத்திலும் வங்கியிலும் பணியில் அமர்ந்திருக்கின்றனர். அங்கே கோப்பும் பட்டியலும் கணினிவழிச் செல்கின்றன. கணினி ஆளை அறியாது, கடவுச்சொல்லையே அறியும். நம் கடவுச்சொல்லைக் கொண்டு எவர் ஒப்புதல் அளித்தாலும் பதிவில் நிற்பது நம் பெயரே. பிழை நேரின், விளக்கம் கேட்கும் குறிப்பாணை வருவதும் நமக்கே. ஆதலின் கடவுச்சொல்லைப் பிறரிடம் கொடுப்பது, எழுதாத தாளில் கைநாட்டு வைத்துக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

"அவசரம் தம்பி, உன் கடவுச்சொல்லைச் சொல்" என்று மேலதிகாரியே கேட்கக்கூடும். குடும்பத்தில் முதன்முதல் அரசுப் பணி கண்டவர்க்கு மறுத்துரைக்க நா எழாது. அஞ்ச வேண்டா. "ஐயா, நானே வந்து செய்து தருகிறேன்" என்று கூறி எழுந்து செல்வோம். பணிவு வேறு, பணிந்து போதல் வேறு. பிறர் கடவுச்சொல்லை வஞ்சகமாகப் பயன்படுத்துவோர்க்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. ஆனால் நாமே மனமுவந்து கொடுத்தபின், வஞ்சகத்தை மெய்ப்பித்தல் எளிதன்று.

வெளியிலிருந்து வரும் கேடும் சிறிதன்று. 2016 பிப்ரவரியில், வங்கதேச மத்திய வங்கி நியூயார்க்கில் வைத்திருந்த கணக்கிலிருந்து 8 கோடியே 10 இலட்சம் டாலர் பிலிப்பைன்ஸ் நாட்டிற்குக் களவு போயிற்று. வேலை கேட்டு எழுதியவை போன்ற மின்னஞ்சல்கள் அவ்வங்கி ஊழியர்க்கு முன்னரே அனுப்பப்பட்டிருந்தன என்று அமெரிக்கப் புலனாய்வினர் கூறினர். பெட்டகத்தை உடைக்க எவரும் கடப்பாரை கொண்டு வரவில்லை.

ஆகவே சில பழக்கங்களைக் கைக்கொள்வோம். இருக்கையை விட்டு எழும்போது கணினியைப் பூட்டுவோம். கடவுச்சொல்லை மேசைக் கண்ணாடியின் கீழ் எழுதி வையோம். அலுவலகத்திற்கு ஒன்று, சொந்தக் கணக்கிற்கு வேறொன்று என வைப்போம். கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை எவர்க்கும் உரையோம். அறியாதார் அனுப்பிய இணைப்பைத் திறவோம். அவர் தரும் பென்டிரைவை அலுவலகக் கணினியில் செருகோம். மாறுதலாகிச் செல்லும் நாளில், நம் பெயரிலுள்ள கணக்கை மூடுமாறு எழுத்து மூலம் கேட்டு, நகலை வைத்துக்கொள்வோம். பணம் பறிபோயின் நாணி மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழைப்போம்.

கல்வி நமக்குப் பணியைத் தந்தது. அப்பணியையும் அதன் நற்பெயரையும் காப்பவை இச்சிறு பழக்கங்களே. அவற்றை நாளைக் காலை அலுவலகம் சென்றவுடன் தொடங்குவோமாக.

வாழ்க நம் கல்விச் சங்கம்! வளர்க இளைய தலைமுறை!